டென்டல் ஸ்கூலுக்கு முந்தைய நான்கு வருடம்: அமெரிக்கக் கல்லூரியில் எந்தப் பாடம், எந்த செமஸ்டரில்?

மகள் கல்லூரியில் சேர்ந்த வாரம் மதுரையிலிருந்து பெரியம்மா போன் செய்தார். "என்னப்பா, பாப்பாவை எந்த காலேஜ்ல பி.டி.எஸ். சேத்திருக்க?" இங்கே பி.டி.எஸ். என்று ஒன்று இல்லை, முதலில் நாலு வருஷம் ஏதாவது ஒரு டிகிரி, அதற்கப்புறம்தான் நாலு வருஷம் பல் படிப்பு என்று விளக்கினேன். "ஏதாவதுன்னா என்ன டிகிரி?" என்றார். "என்ன வேணா படிக்கலாம் பெரியம்மா. சங்கீதம்கூடப் படிக்கலாம்." அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "பாத்து செய்ங்கப்பா" என்று வைத்துவிட்டார்.

பெரியம்மா பயந்ததில் நியாயம் உண்டு. ஊரில் ப்ளஸ் டூ, நீட், ஐந்து வருட பி.டி.எஸ். என்று தண்டவாளம் போட்ட மாதிரி போகும். பாடத்தைத் தேர்ந்தெடுக்கும் வேலை மாணவருக்கு இல்லவே இல்லை. இங்கே 'ப்ரீ-டென்டல்' என்று பிள்ளைகள் சொல்லிக்கொள்வது பெரும்பாலான கல்லூரிகளில் ஒரு படிப்பே கிடையாது, வெறும் நோக்கம்தான். அட்வைசர் டிகிரி முடிகிறதா என்று பார்ப்பார். டென்டல் ஸ்கூலுக்கு வேண்டியது வேண்டிய நேரத்தில் முடிகிறதா என்பதை மாணவரேதான் பார்த்துக்கொள்ள வேண்டும். எங்கள் வீட்டில் நாங்கள் இதைத் தாமதமாகப் புரிந்துகொண்டோம். மகள் இப்போது நியூஜெர்சியில் டென்டல் ஸ்கூலில் இரண்டாம் வருடம். அடுத்து வருகிற பிள்ளைகளுக்காக, நாங்கள் கற்றதைப் படிப்படியாக எழுதுகிறேன்.

முதல் படி: ஜூன் மாதத்திலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

நான்கு வருடப் படிப்பு என்றதும் விண்ணப்பமும் நாலாம் வருடத்தில்தான் என்று நினைத்துவிடுகிறோம். இடைவெளி இல்லாமல் நேராக டென்டல் ஸ்கூல் போக வேண்டுமானால், மூன்றாம் வருடம் முடிந்த கையோடு ஜூன் மாதத்தில் விண்ணப்பம் போக வேண்டும். பெரும்பாலான டென்டல் பள்ளிகளுக்கு 'ஆட்சாஸ்' என்று சொல்லப்படும் பொது விண்ணப்ப முறை. மே மாதம் நிரப்பத் திறப்பார்கள், ஜூன் தொடக்கத்தில் அனுப்பலாம். டெக்சாஸ் அரசுப் பள்ளிகளுக்கு டி.எம்.டி.எஸ்.ஏ.எஸ். என்று தனி வழி. பல பள்ளிகள் விண்ணப்பங்கள் வர வர நேர்காணலுக்கு அழைத்துக்கொண்டே போகும். கடைசித் தேதி குளிர்காலத்தில்தானே என்று உட்கார்ந்திருப்பவருக்குப் பந்தி முடிந்த பிறகு இலை போட்ட கதைதான்.

இதிலிருந்து ஒரு கணக்கு வருகிறது. 120 கிரெடிட் (பாடத்தின் அளவைக் கணக்கிடும் அலகு) டிகிரியில் விண்ணப்பம் போகும் நாளில் கையில் இருப்பது ஏறத்தாழ 90 கிரெடிட். பள்ளிகள் முதலில் பார்ப்பது இந்த ஆறு செமஸ்டரைத்தான். ஒரு பெரிய தாளில் ஆறு கட்டம் போடுங்கள். ஆறாவது கட்டத்துக்குக் கீழே 'டி.ஏ.டி. எழுதியாச்சு, விண்ணப்பம்' என்று (டி.ஏ.டி. என்பது டென்டல் ஸ்கூல் நுழைவுத் தேர்வு) எழுதிவிட்டு, அங்கிருந்து மேல்நோக்கி நிரப்புங்கள். முதல் வருடத்திலிருந்து கீழ்நோக்கி நிரப்பிக்கொண்டு வந்தால் எங்கேயாவது இடிக்கும். எங்களுக்கு இடித்தது.

இரண்டாம் படி: பத்துப் பள்ளிகளைப் பட்டியல் போடுங்கள்

அமெரிக்காவில் எழுபதுக்கும் மேற்பட்ட டென்டல் ஸ்கூல்கள் இருக்கின்றன. டி.டி.எஸ். என்றாலும் டி.எம்.டி. என்றாலும் பட்டம் ஒன்றுதான். 1840-ல் தொடங்கிய பால்டிமோர் கல்லூரி ஒரு பெயர் வைத்தது, 1867-ல் வந்த ஹார்வர்டு லத்தீனில் இன்னொரு பெயர் வைத்தது. அந்தப் பேச்சில் நேரம் செலவழிக்காதீர்கள்.

பொதுவாக எல்லாரும் கேட்கும் அடிப்படை இதுதான். உயிரியல், பொது வேதியியல், ஆர்கானிக் வேதியியல், இயற்பியல் நான்கும் லேபோடு சேர்த்து எட்டு எட்டு செமஸ்டர் கிரெடிட். பயோகெமிஸ்ட்ரி மூன்று கிரெடிட். ஆங்கிலம், அதாவது எழுத்துப் பாடம், ஆறு கிரெடிட். கல்லூரியில் செமஸ்டருக்குப் பதில் குவார்ட்டர் முறை இருந்தால் ஒரு குவார்ட்டர் கிரெடிட் மூன்றில் இரண்டு செமஸ்டர் கிரெடிட்டுக்குச் சமம். அப்போது எட்டு என்பது பன்னிரண்டு ஆகிவிடும். கலிஃபோர்னியா, வாஷிங்டன் பக்கத்துப் பிள்ளைகள் இதில் தடுக்கி விழுவதுண்டு.

இதற்கு மேல் பள்ளிக்குப் பள்ளி மாறும். ஒரு பள்ளி மைக்ரோபயாலஜி கட்டாயம் என்னும். இன்னொன்று அனாட்டமியும் ஃபிசியாலஜியும் கேட்கும். சில பள்ளிகள் புள்ளியியல், சில உளவியல், சில கணிதம் கேட்கும். ஆர்கானிக் இரண்டாம் பருவத்துக்குப் பதில் பயோகெமிஸ்ட்ரியை ஏற்கும் பள்ளிகளும் உண்டு. டெக்சாஸ் பள்ளிகள் உயிரியலில் எட்டோடு நிற்பதில்லை, புள்ளியியலும் எதிர்பார்ப்பார்கள். அங்கே பெரும்பாலான இடங்கள் மாநிலத்தவருக்கே என்பதால், ஆஸ்டின், டாலஸ், ஹூஸ்டன் பக்கம் இருக்கும் நம் பிள்ளைகள் அந்தப் பட்டியலையே அடித்தளமாக வைத்துக்கொள்வது நல்லது.

சொந்த மாநிலப் பள்ளிகள், பக்கத்து மாநிலங்கள், மனதுக்குப் பிடித்த இரண்டு என்று பத்துப் பள்ளிகளை எடுத்து, ஒவ்வொன்றின் இணையப் பக்கத்தையும் நீங்களே படித்து ஒரு எக்செல் தாளில் போடுங்கள். 'கட்டாயம்', 'பரிந்துரை' இரண்டையும் தனித்தனிப் பத்தியில் எழுதுங்கள். ஆறேழு பள்ளிகள் ஒரு பாடத்தைப் 'பரிந்துரை' என்று சொன்னால் உங்களுக்கு அது கட்டாயம்தான். வருடத்துக்கு ஒருமுறை திரும்பிப் பாருங்கள், விதிகள் மாறும். வாட்ஸாப் குழுவில் யாரோ அனுப்பிய பட்டியலை நம்பி மூன்று வருடத்தைத் திட்டமிட வேண்டாம். அந்தப் பட்டியல் எந்த வருடத்துடையது என்று அனுப்பியவருக்கே தெரியாது.

ஒரு எச்சரிக்கை. அறிவியல் மாணவர் அல்லாதோருக்காகக் கல்லூரிகள் நடத்தும் லேசான வேதியியல், லேசான இயற்பியல் வகுப்புகளைப் பொதுவாக டென்டல் ஸ்கூல் கணக்கில் எடுத்துக்கொள்ளாது. பெயரில் 'வேதியியல்' இருக்கிறது என்று சேர்ந்துவிடாதீர்கள். அறிவியலை மேஜராக (முதன்மைப் பாடமாக) எடுத்த மாணவர்கள் படிக்கும் வரிசையில்தான் அது வருகிறதா என்று பாருங்கள்.

மூன்றாம் படி: மதிப்பெண் எப்படி எண்ணப்படும் என்று தெரிந்துகொள்ளுங்கள்

இதைச் சரியாகப் புரிந்துகொண்டால் பாடம் தேர்ந்தெடுக்கும் விதமே மாறிவிடும். கல்லூரி தரும் ஜி.பி.ஏ.வும் (நாலுக்குக் கணக்கிடும் மதிப்பெண் சராசரி) ஆட்சாஸ் கணக்கிடும் ஜி.பி.ஏ.வும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. பல கல்லூரிகளில் ஒரு பாடத்தில் தோற்றாலோ டி வாங்கினாலோ திரும்ப எடுக்கலாம், புது மதிப்பெண் பழையதை அழித்துவிடும். ஆட்சாஸ் எதையும் அழிக்காது. நான்கு கிரெடிட் ஆர்கானிக்கில் முதலில் டி, அடுத்த முறை ஏ என்று வைத்துக்கொள்வோம். கல்லூரிக் கணக்கில் 4.0. ஆட்சாஸ் கணக்கில் எட்டு கிரெடிட்டுக்குச் சராசரி 2.5. படித்த எல்லாக் கல்லூரிகளின் டிரான்ஸ்கிரிப்டும் (மதிப்பெண் பட்டியலும்) அனுப்ப வேண்டும். உயர்நிலைப் பள்ளியில் இருந்தபோது பக்கத்து இரண்டு வருடக் கம்யூனிட்டி காலேஜில் விளையாட்டாக எடுத்த ஒரு பாடமும் அதில் வரும்.

மொத்த ஜி.பி.ஏ. ஒன்று, அறிவியல் ஜி.பி.ஏ. ஒன்று, உயிரியலும் வேதியியலும் இயற்பியலும் மட்டும் சேர்ந்த பி.சி.பி. ஒன்று என்று பிரித்துக் காட்டுவார்கள். டென்டல் ஸ்கூலில் இடம் பிடிப்பவர்களின் சராசரி 3.6-ஐ ஒட்டி இருக்கிறது. முதல் வருடம் 30 கிரெடிட்டில் 3.0 வாங்கிய பிள்ளை, அடுத்த இரண்டு வருடம் 60 கிரெடிட்டில் 3.8 வாங்கினாலும் விண்ணப்பத்தில் நிற்பது 3.53. மூன்றாவது கட்டத்தில் விழித்துக்கொண்டு பிடிப்பது எவ்வளவு கடினம் என்று இதில் தெரியும். ஏறுமுகமாக இருக்கிறதே என்று பள்ளிகள் பார்க்கத்தான் செய்யும், ஆனால் கணக்கு கணக்குதான்.

நான்காம் படி: முதல் செமஸ்டரில் அகலக்கால் வைக்காதீர்கள்

என் தவறு இங்கேதான். உயர்நிலைப் பள்ளியில் எல்லாம் ஏ வாங்கிய பிள்ளை, முதல் செமஸ்டரில் பொது வேதியியல், உயிரியல், இயற்பியல், கால்குலஸ் நான்கையும் எடுக்கட்டும் என்று சொன்னது நான்தான். "முன்னாடியே முடிச்சிட்டா பின்னாடி நிம்மதி" என்று நம் பாணியில் ஒரு தத்துவம் வேறு. அட்வைசரும் தடுக்கவில்லை. மூன்று லேப், வாரத்துக்கு மூன்று லேப் ரிப்போர்ட், புது ஊர், புது அறைத்தோழி. கால்குலஸில் சி பிளஸ், இயற்பியலில் பி மைனஸ். அந்த இரண்டு பாடத்தில் எதுவுமே அந்த செமஸ்டரில் தேவைப்படவில்லை என்பதுதான் இப்போதும் உறுத்துகிறது.

முதல் செமஸ்டருக்கு என் பரிந்துரை: பொது வேதியியல் லேபோடு, உயிரியல் லேபோடு, எழுத்துப் பாடம் ஒன்று, பிடித்த ஒன்று. பதினான்கு, பதினைந்து கிரெடிட் போதும். ஹைஸ்கூலில் வேதியியல் பலமாக இல்லை என்றால் உயிரியலைக்கூட ஒரு செமஸ்டர் தள்ளலாம். வேதியியலை மட்டும் தள்ளாதீர்கள். ஏன் என்று அடுத்த படியில் சொல்கிறேன்.

ஐந்தாம் படி: வேதியியல்தான் முதுகெலும்பு

பொது வேதியியல் ஒன்று, இரண்டு. ஆர்கானிக் ஒன்று, இரண்டு. பிறகு பயோகெமிஸ்ட்ரி. ஐந்து செமஸ்டர், ஒன்றை முடிக்காமல் அடுத்ததில் கால் வைக்க முடியாது. மற்றப் பாடங்களை முன்னே பின்னே நகர்த்தலாம். இது ஏணி, படியைத் தாண்ட முடியாது.

முதல் வருடம் ஃபால் (இலையுதிர்கால) செமஸ்டரில் தொடங்கினால் இரண்டாம் வருடம் மே மாதம் ஆர்கானிக் இரண்டும் முடிந்துவிடும், மூன்றாம் வருட ஃபாலில் பயோகெமிஸ்ட்ரி. ஒரு செமஸ்டர் தாமதித்தால் என்ன ஆகும்? பெரிய பல்கலைக்கழகத்தில் ஒன்றும் ஆகாது, எல்லா செமஸ்டரிலும் எல்லாமும் நடக்கும். சிறிய கல்லூரிகள் பலவற்றில் ஆர்கானிக் ஒன்று ஃபாலில் மட்டும்தான் இருக்கும். அங்கே ஒரு செமஸ்டர் சறுக்கினால் ஒரு வருடம் போய்விடும். கல்லூரியில் சேர்ந்த முதல் வாரமே கேட்க வேண்டிய கேள்வி இது: ஆர்கானிக் ஒன்று எந்தெந்த செமஸ்டரில் நடக்கிறது?

இரண்டாம் வருடத்தில்தான் பொது வேதியியலைத் தொடங்குகிறீர்கள் என்றாலும் குடி முழுகிவிடாது. மூன்றாம் வருடம் மே மாதம் ஆர்கானிக் முடியும், கோடையில் டி.ஏ.டி. எழுதி ஆகஸ்டில் விண்ணப்பிக்கலாம். இல்லையென்றால் ஒரு வருடம் விட்டு அடுத்த ஜூனில் முதல் ஆளாக அனுப்பலாம். நான் இரண்டாவதையே சொல்வேன். அந்த ஒரு வருடத்தில் பல் மருத்துவரின் கிளினிக்கில் அசிஸ்டன்டாக வேலை பார்க்கலாம். 'கேப் இயர்' என்றதும் நம் வீடுகளில் முகம் சுருங்குகிறது, சொந்தக்காரர்களுக்கு என்ன பதில் சொல்வது என்று. பிள்ளையின் விண்ணப்பத்தைப் படிக்கப்போவது சொந்தக்காரர்கள் இல்லை.

ஆர்கானிக்கை எப்படி எடுப்பது என்பதே தனிக் கலை. அது இருக்கும் செமஸ்டரில் இன்னொரு கடினமான லேப் பாடம் ஒன்றுக்கு மேல் வேண்டாம். இயற்பியலை அதன் பக்கத்தில் உட்காரவைக்காதீர்கள். கோடையில் எடுத்து முடித்துவிடலாம் என்று ஆசை வரும். ஒரு வருடப் பாடத்தைப் பத்து வாரத்தில் திணிப்பார்கள். காலையில் ஒரு வினைமுறை, மாலையில் அடுத்தது, வார இறுதியில் தேர்வு. அந்தப் பாடத்துக்கு ஊற வேண்டும், இட்லி மாவு மாதிரி. அவசரத்துக்கு ஆகாது. ஒன்றாம் பருவம் நல்ல பேராசிரியரிடம் அமைந்தால் இரண்டாம் பருவத்துக்கும் அவரிடமே போங்கள், நேரம் காலை எட்டு மணியாக இருந்தாலும்.

ஆறாம் படி: டி.ஏ.டி.யைச் சுற்றிப் பாடங்களை அடுக்குங்கள்

நுழைவுத் தேர்வான டி.ஏ.டி.யில் இருப்பது இவ்வளவு. அறிவியல் நூறு கேள்வி, 90 நிமிடம்: அதில் உயிரியல் 40, பொது வேதியியல் 30, ஆர்கானிக் 30. பிறகு பார்வைத்திறன் 90 கேள்வி, வாசித்துப் புரிதல் 50, கணக்கு 40. இயற்பியல் இல்லை. கால்குலஸ் இல்லை. பயோகெமிஸ்ட்ரி தனியாக இல்லை. முன்பு முப்பதுக்கு மதிப்பெண் போட்டார்கள், 2025 மார்ச் முதல் 200-லிருந்து 600 வரை என்று மூன்று இலக்கத்துக்கு மாற்றிவிட்டார்கள். பழைய மதிப்பெண்களை வைத்து அண்ணன், அக்காக்கள் சொல்லும் அறிவுரையைக் கேட்கும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

எனவே தேர்வுக்கு முன் கட்டாயம் முடிந்திருக்க வேண்டியவை உயிரியல் இரண்டு, பொது வேதியியல் இரண்டு, ஆர்கானிக் இரண்டு. ஆறு பாடம். இவை இரண்டாம் வருடத்தோடு முடிந்தால், அந்தக் கோடை முழுக்க டி.ஏ.டி.க்குப் படிக்கலாம். ஆர்கானிக் மனதில் சூடாக இருக்கும்போதே எழுதிவிடுவது உத்தமம். மூன்றாம் வருடம் இயற்பியல், பயோகெமிஸ்ட்ரி, மேல்நிலைப் பாடங்கள் என்று தலைக்கு மேல் வேலை இருக்கும்போது பழைய ஆர்கானிக்கைத் தூசி தட்டுவது கொடுமை. மகள் அப்படித்தான் எழுதினாள், முதல் செமஸ்டரில் நாங்கள் இழுத்துப் போட்டுக்கொண்டதன் பின்விளைவாக.

உயிரியலில் ஒரு கண்ணி இருக்கிறது. ஹைஸ்கூலிலேயே எழுதும் கல்லூரித் தரத் தேர்வான ஏ.பி. உயிரியலில் ஐந்துக்கு ஐந்து வாங்கியவர்கள் கல்லூரி அறிமுக உயிரியலைத் தாண்டி நேராக மரபியல், செல் உயிரியல் என்று போய்விடுகிறார்கள். டி.ஏ.டி.யின் நாற்பது கேள்விகள் அகலமானவை. தாவரம், சூழலியல், பரிணாமம், விலங்கு நடத்தை எல்லாம் வரும். அறிமுகப் பாடத்தில்தான் அவை இருக்கும். மனித உடலை மட்டும் படித்துக்கொண்டு போனவருக்கு ஒரு தாவரக் கேள்வி போதும், எரிச்சல் வர.

பார்வைத்திறன் பகுதிக்கு எந்தப் பாடமும் இல்லை. மடித்துத் துளையிட்ட காகிதத்தை விரித்தால் துளைகள் எங்கே இருக்கும், நான்கு கோணங்களைச் சிறியதிலிருந்து பெரியது வரை எப்படி வரிசைப்படுத்துவது, அடுக்கிய கனசதுரங்களில் எத்தனைக்கு எத்தனை பக்கம் வண்ணம் பூசியிருக்கும் என்று கேட்பார்கள். தினம் அரைமணி நேரப் பயிற்சிதான் வழி.

ஏழாம் படி: இயற்பியலும் கணக்கும்

சுருக்கமாக முடிக்கிறேன். இயற்பியல் மூன்றாம் வருடம் போதும். பெரும்பாலான பள்ளிகளுக்கு அல்ஜீப்ரா அடிப்படையிலான இயற்பியலே செல்லும், பொறியியல் மாணவர்கள் எடுக்கும் கால்குலஸ் இயற்பியல் தேவையில்லை. கணக்கில் புள்ளியியல் ஒன்று எடுங்கள். உங்கள் பட்டியலில் உள்ள பள்ளி கேட்டாலோ மேஜருக்கு வேண்டியிருந்தாலோ மட்டும் கால்குலஸ். இஞ்சினியர் அப்பாக்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், நானும் அதே கூட்டம்தான்.

எட்டாம் படி: மேல்நிலைப் பாடங்களில் எவை?

அடிப்படையை முடித்த பிறகு கையில் ஐந்தாறு இடம் மிஞ்சும். இங்கேதான் விண்ணப்பத்துக்கு உடம்பு வருகிறது. டென்டல் ஸ்கூலின் முதல் இரண்டு வருடம் உடற்கூறு, திசுவியல், உடலியங்கியல், நுண்ணுயிரியல், நோயியல், மருந்தியல் என்று மருத்துவப் படிப்புக்குச் சற்றும் குறையாது. ஒரே நேரத்தில் ஏழெட்டுப் பாடம் ஓடும். இந்தப் பாரத்தைத் தாங்குவாரா என்பதைத்தான் மூன்றாம் வருட டிரான்ஸ்கிரிப்டில் தேடுகிறார்கள்.

மூன்றுக்குத்தான் இடம் என்றால் நான் தேர்ந்தெடுப்பது: மைக்ரோபயாலஜி, மனித ஃபிசியாலஜி, கிடைத்தால் ஹிஸ்டாலஜி. மைக்ரோபயாலஜிக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. சொத்தைப் பல்லும் ஈறு நோயும் பல்லில் படியும் பாக்டீரியாக் கூட்டத்தின் வேலை. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் சர்க்கரையை அமிலமாக்கி எனாமலைக் கரைப்பதைக் கல்லூரியிலேயே படித்துவிட்டுப் போனால் அங்கே பாதி பாடம் பழைய நண்பன். ஃபிசியாலஜி இல்லாமல் மயக்க மருந்து எப்படி வேலை செய்கிறது என்று புரியாது. ஹிஸ்டாலஜியைப் பலர் விட்டுவிடுகிறார்கள், எல்லாக் கல்லூரியிலும் இருக்காது. நுண்ணோக்கியில் திசுக்களை அடையாளம் காணும் கண் ஒரே நாளில் வராது. மகளுக்கு டென்டல் ஸ்கூலின் முதல் வருடத்தில் மிகவும் கைகொடுத்தது அதுதான்.

அனாட்டமி? உங்கள் பட்டியலில் கேட்டிருந்தால் லேபோடு எடுங்கள். கேட்காவிட்டால் அவசரமில்லை, அங்கே தலை, கழுத்து நரம்புகளை இன்னொரு முறை அடியிலிருந்து படிக்கத்தான் போகிறீர்கள். நர்சிங் மாணவர்களுக்கான அனாட்டமி-ஃபிசியாலஜி கூட்டுப் பாடத்தைச் சில பள்ளிகள் ஏற்கும், சில ஏற்காது. எழுதிக் கேட்டு, வந்த மின்னஞ்சலைச் சேமித்து வையுங்கள். மரபியல், இம்யூனாலஜி, செல் உயிரியல் எல்லாம் நல்ல பாடங்களே. மேஜர் உயிரியலாக இருந்தால் எப்படியும் வந்துவிடும்.

மேஜர் எதுவாகவும் இருக்கலாம் என்று பெரியம்மாவிடம் சொன்னது உண்மைதான். ஆனால் நடைமுறையில் ஒன்றைப் பாருங்கள். சங்கீத மேஜருக்கு நாற்பது கிரெடிட், டென்டல் அடிப்படைக்கு நாற்பதுக்கு மேல், கல்லூரியின் பொதுப் பாடங்கள் வேறு. உயிரியல் மேஜருக்கு இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று படியும், சங்கீத மேஜருக்குப் படியாது. பிடித்த மேஜரில் 3.8 வாங்குகிற பிள்ளை பிடிக்காத உயிரியலில் 3.3 வாங்குவதைவிட நல்ல நிலையில் இருக்கும். சங்கீதமும் பிடிக்கிறது, அறிவியலிலும் ஆசை என்றால் உயிரியலோ உடலியங்கியலோ எடுத்துக்கொண்டு சங்கீதத்தை மைனராக வைப்பது எளிது.

ஒன்பதாம் படி: குறுக்கு வழிகளில் எது செல்லும்?

ஏ.பி. கிரெடிட்டைச் சில பள்ளிகள் முழுதாக ஏற்கும், சில ஏற்காது, சில 'அதே துறையில் மேல்நிலைப் பாடம் எடுத்திருந்தால் சரி' என்னும். கல்லூரி டிரான்ஸ்கிரிப்டில் பாடத்தின் பெயரும் கிரெடிட் எண்ணிக்கையும் தெளிவாக இருக்க வேண்டும். என் வழி: ஏ.பி. ஆங்கிலம், உளவியல், கணக்கைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். வேதியியலையும் உயிரியலையும் கல்லூரியிலேயே எடுங்கள்.

கம்யூனிட்டி காலேஜ் பணத்தை மிச்சப்படுத்தும். குடும்ப நிலைமையால் முதல் இரண்டு வருடம் அங்கே படித்துவிட்டு வருபவர்களைப் பள்ளிகள் புரிந்துகொள்கின்றன. பல்கலைக்கழகத்தில் இருந்துகொண்டே கடினமான பாடங்களை மட்டும் கோடையில் அங்கே போய் முடிப்பதைச் சந்தேகமாகப் பார்க்கும் பள்ளிகள் உண்டு. இரண்டும் வேறு வேறு.

அடிப்படைப் பாடங்களைப் பாஸ்-ஃபெயில் முறையில் எடுக்காதீர்கள், எழுத்து மதிப்பெண்தான் வேண்டும். ஒரு பாடம் கையை மீறிப் போகிறது என்றால், டி வாங்குவதைவிடக் கடைசித் தேதிக்குள் விலகி ஒரு டபிள்யூ வாங்குவது மேல். அது ஜி.பி.ஏ.வில் சேராது. மூன்று, நான்கு டபிள்யூ சேர்ந்தால் கேள்வி வரும்.

விசா விஷயம் இங்கே நுழைகிறது. எச்-4 விசாவில் (பெற்றோரின் வேலை விசாவைச் சார்ந்தது) இருக்கும் பிள்ளைக்கு இருபத்தொரு வயதானதும் அந்த அந்தஸ்து முடிந்துவிடும், பெரும்பாலும் மாணவர் விசாவான எஃப்-1க்கு மாற வேண்டிவரும். கிரீன் கார்டு வரிசையில் காத்திருக்கும் நம் குடும்பங்களில் இது சரியாக மூன்றாம் வருடத்தில், விண்ணப்ப நேரத்தில் வந்து நிற்கிறது. எஃப்-1 மாணவர் ஒவ்வொரு செமஸ்டரும் முழுநேரம், அதாவது குறைந்தது 12 கிரெடிட் படித்தாக வேண்டும். அதில் ஆன்லைன் வகுப்பு ஒன்றுதான், மூன்று கிரெடிட் வரைதான் கணக்கில் சேரும். பன்னிரண்டை மட்டும் எடுத்துக்கொண்டு ஒரு பாடத்திலிருந்து விலகினால் மதிப்பெண் பிரச்சினை விசா பிரச்சினையாகிவிடும். எனவே பதினைந்தில் தொடங்கி ஒன்றை விடும் வசதியை வைத்துக்கொள்ளுங்கள். விலகுவதற்கு முன் கல்லூரியின் சர்வதேச மாணவர் அலுவலகத்தைக் கேளுங்கள். குடியுரிமையோ கிரீன் கார்டோ இல்லாதவர்களைச் சேர்க்காத அரசுப் பள்ளிகள் பல. இரண்டாம் படியின் எக்செல் தாளில் இதற்கும் ஒரு பத்தி போடுங்கள். அரசுக் கடனும் இவர்களுக்குக் கிடையாது. கடன் கிடைப்பவர்களுக்கும் 2026 ஜூலை 1 முதல் புதிதாக வாங்குவோருக்கு வருடம் 50,000 டாலர், மொத்தம் 2 லட்சம் என்று வரம்பு வந்துவிட்டது. தனியார் பள்ளிகள் பலவற்றின் செலவு இதைத் தாண்டும்.

பத்தாம் படி: கடிதம் எழுதித் தரும் பேராசிரியரும் ஒரு பாடத்தேர்வுதான்

பரிந்துரைக் கடிதங்களில் குறைந்தது இரண்டு உங்களுக்கு வகுப்பெடுத்த அறிவியல் பேராசிரியர்களிடமிருந்து வேண்டும் என்று பல பள்ளிகள் கேட்கின்றன. முந்நூறு பேர் உட்காரும் அரங்கில் கடைசி வரிசையில் இருந்து ஏ வாங்கிய பிள்ளையைப் பற்றிப் பேராசிரியர் என்ன எழுதுவார்? 'ஏ வாங்கினார்' என்று எழுதுவார். ஐந்தாம் செமஸ்டருக்குள் இருபது, முப்பது பேர் மட்டுமே உள்ள மேல்நிலை வகுப்பு ஒன்றையாவது எடுத்துவிடுங்கள். பிடித்த பேராசிரியரிடம் இரண்டாவது பாடம் எடுங்கள். அவர் அலுவலக நேரத்தில் போய்ச் சந்தேகம் கேட்பதில் நம் பிள்ளைகளுக்கு ஒரு கூச்சம். 'தெரியவில்லை என்று நினைத்துக்கொள்வாரோ' என்று. அந்த நேரமே தெரியாதவர்களுக்காக வைத்ததுதான்.

கைக்கும் ஒரு பாடம் எடுங்கள். மண்பாண்டம், சிற்பம், ஓவியம், எது கிடைத்தாலும். டென்டல் ஸ்கூலில் மெழுகில் பல் செதுக்குவார்கள், கைத்திறன் பற்றி நேர்காணலில் பேச்சு வரும். வருடக்கணக்காக வீணை மீட்டிய கை, மார்கழி முழுக்கச் சிக்குக் கோலம் போட்ட கை என்றால் அதையும் தயங்காமல் சொல்லுங்கள். கலிஃபோர்னியா, டெக்சாஸ், நியூஜெர்சியில் நோயாளிகளோடு பேச ஸ்பானிஷ் உதவும். பிற்காலத்தில் சொந்த கிளினிக் என்ற எண்ணம் இருந்தால் அக்கவுண்டிங் ஒரு செமஸ்டர்.

ஆறு கட்டத்தையும் சேர்த்து ஒரு மாதிரி

முதல் வருட ஃபால்: பொது வேதியியல் ஒன்று, உயிரியல் ஒன்று, எழுத்து, விருப்பப்பாடம். ஸ்பிரிங்: அவற்றின் இரண்டாம் பருவங்கள், புள்ளியியல். கோடையில் பல் மருத்துவர்களைப் பின்தொடர்ந்து பார்ப்பது, நூறு மணி நேரத்தை இலக்காக வைத்து.

இரண்டாம் வருட ஃபால்: ஆர்கானிக் ஒன்று, மரபியல் அல்லது உளவியல், கல்லூரியின் பொதுப் பாடங்கள் இரண்டு. ஸ்பிரிங்: ஆர்கானிக் இரண்டு, ஃபிசியாலஜி, மண்பாண்டம். கோடையில் டி.ஏ.டி.

மூன்றாம் வருட ஃபால்: பயோகெமிஸ்ட்ரி, இயற்பியல் ஒன்று, மைக்ரோபயாலஜி, சிறிய வகுப்பு ஒன்று. ஸ்பிரிங்: இயற்பியல் இரண்டு, ஹிஸ்டாலஜி அல்லது அனாட்டமி, மேஜர் பாடங்கள், கடிதங்களுக்கான வேண்டுகோள். ஜூனில் விண்ணப்பம்.

பள்ளிக்கூடத்திலிருந்தே பல் மருத்துவம்தான் என்று உறுதியாக இருப்பவர்களுக்கு ஏழு வருடக் கூட்டுப் படிப்புகள் சில இருக்கின்றன. சான் பிரான்சிஸ்கோவில் உள்ள பசிபிக் பல்கலைக்கழகம் டென்டல் படிப்பையே மூன்று வருடத்தில் முடிக்கிறது. அவற்றில் சேர்ந்தால் பாட வரிசையை அவர்களே கொடுத்துவிடுவார்கள், இந்தக் கட்டுரை தேவைப்படாது. ஆனால் குறைந்தபட்ச ஜி.பி.ஏ. விதி ஒவ்வொரு வருடமும் தலைக்கு மேல் தொங்கும்.

நாலாம் வருடம்

விண்ணப்பத்தில் இனி எடுக்கப்போகும் பாடங்களையும் குறிப்பிட வேண்டும். 'ஸ்பிரிங்கில் அனாட்டமி எடுப்பேன்' என்று எழுதிவிட்டு, இடம் கிடைத்த மகிழ்ச்சியில் அதை விட்டுவிட்டு பௌலிங் வகுப்பில் சேர்ந்த பிள்ளையை எனக்குத் தெரியும். அந்தப் பள்ளிக்கு அனாட்டமி கட்டாயம். ஏப்ரலில் கண்டுபிடித்து, மே மாதம் கோடை வகுப்பு தேடி, ஆகஸ்டில் சேர்வதற்கு மூன்று வாரம் முன்புதான் மதிப்பெண் கைக்கு வந்தது. எழுதிக் கொடுத்த பாடங்களில் எதை மாற்றினாலும் இடம் கொடுத்த பள்ளிக்கு முதலில் ஒரு மின்னஞ்சல் போடுங்கள், அவர்கள் எழுத்தில் சரி என்ற பிறகு கல்லூரியில் மாற்றுங்கள்.